தப்பான பூமியில் ஒரு டூர்

ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்துக்கு வடக்கே, ஃபாக்னர் என்று ஒரு புறநகர். டூரிஸ்ட்டுகள் போகிற இடமில்லை. தாழ்வான வீடுகள், வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டுப் புல்வெளி, பக்கத்தில் ஒரு மகா பெரிய கல்லறைத் தோட்டம். நம் ஊரில் என்றால், பஸ்ஸில் தூங்கிப்போய் ஸ்டாப்பிங்கைத் தவறவிட்டவர்கள் மட்டும் இறங்குகிற ரகம்.

2020 ஆகஸ்ட்டில் அந்த ஃபாக்னருக்குத் திடீரென்று உலகப் புகழ் வந்தது. வீடுகளுக்கு நடுவே, 212 மாடியில் ஒரு கட்டடம்! துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கே 163 மாடிதான். இதுவோ ஒரு சின்ன வீட்டு மனையில், ஊதுபத்தி மாதிரி, ஜன்னல் ஜன்னலாக மேலே போய்க்கொண்டே இருந்தது. உலகமெங்குமிருந்து விமானங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஃபாக்னர்வாசிகள் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கட்டடம் இருந்தது அவர்களுடைய ஃபாக்னரில் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற ஃபாக்னரில்.

நானும் போய்ப் பார்த்தேன். அக்கா பையனின் கம்ப்யூட்டரில், ஒரு குட்டி செஸ்னா விமானத்தில். பையன் இன்ஜினியரிங். அந்தக் கம்ப்யூட்டரின் விலையைப் பாதியாக்கித்தான் அத்தானிடம் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதி எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். (அத்தான் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை.)

"மாமா, எல்லாரும் ஈஃபில் டவர், நயாகரான்னு பார்ப்பாங்க. நீங்க ஏன் மாமா தப்பா இருக்கிற இடமாத் தேடித் தேடிப் போறீங்க?" என்றான்.

"நான் பி.காம்.டா" என்றேன். புரியவில்லை அவனுக்கு.

பி.காம். படித்தவர்களுக்குப் புரியும். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று உலகம் நினைக்கிறது. எங்கள் வாத்தியார் முதல் வருஷமே அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டார். "டாலி ஆயிடுச்சேன்னு தூங்கப் போயிடாதீங்கப்பா. டாலி ஆன பிறகும் உள்ளே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும் பாரு, அதுதான் பிழை" என்பார். விடு பிழை, செய் பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை என்று அதற்கு வம்சாவளியே உண்டு. அன்றைக்கு மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. இன்றைக்கு உலகத்தைச் சுற்றிப் பார்க்க உதவுகிறது.

ஃபாக்னர் கதை இதுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு உலக வரைபடம். ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி, உலகமெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள் தெரு தெருவாக, வீடு வீடாக விவரம் ஏற்றுவார்கள். யாரோ ஒரு புண்ணியவான், ஃபாக்னரில் ஒரு வீட்டுக்கு 'மாடி எத்தனை' என்கிற கட்டத்தில் 2 என்று அடிப்பதற்குப் பதில் 212 என்று அடித்துவிட்டார். விரல் வழுக்கல். அந்த விவரம் மைக்ரோசாஃப்ட்டின் வரைபடத்துக்குப் போனது. அங்கிருந்து கட்டடம் எழுப்புகிற புரோகிராமுக்குப் போனது. 212 மாடியா, சரி சார், என்று அது கட்டிவிட்டது. நம் ஊர் மேஸ்திரியாக இருந்தால், "அஸ்திவாரம் தாங்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். குறைந்தபட்சம் அட்வான்ஸாவது கேட்டிருப்பார்.

புரோகிராமையும் ரொம்பத் திட்ட முடியாது. அதற்கு வேலை ஜாஸ்தி. இந்த விளையாட்டில் பூமி முழுக்க இருக்கிறது. சும்மா பேச்சுக்கு அல்ல, முழு பூமி. 37,000 விமான நிலையம், 150 கோடி கட்டடம். இத்தனையையும் மனுஷன் உட்கார்ந்து வரைய முடியாது. பிரான்ஸின் போர்தோ நகரத்தில் இருக்கும் அஸோபோ ஸ்டூடியோ விளையாட்டைச் செய்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் இருக்கும் பிளாக்ஷார்க் என்கிற நிறுவனத்தின் செயற்கை அறிவு, மேலிருந்து எடுத்த போட்டோக்களைப் பார்த்து, 'இது ஓடு, இது மொட்டை மாடி, இது ஆபீஸ்' என்று ஊகித்துக் கட்டடங்களை எழுப்பியது.

ஊகம் என்றால் சில சமயம் உதைக்கும். லண்டனுக்குப் போனேன். பக்கிங்ஹாம் அரண்மனை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆபீஸ் கட்டடம். சதுரமாக, கண்ணாடி ஜன்னல்களோடு, ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வட்டார அலுவலகம் மாதிரி. மகாராணி எந்த மாடியில் உட்காருவார், லஞ்ச் எத்தனை மணிக்கு என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வட்டமடித்தேன். மேலிருந்து பார்த்தால் அரண்மனைக்கும் ஆபீஸுக்கும் கூரை ஒன்றுதானே! வாஷிங்டனுக்குப் போனால், 555 அடி உயரக் கல் ஸ்தூபி ஒரு அபார்ட்மென்ட் கோபுரமாக நிற்கிறது. வாத்தியார் பாஷையில் இது விதிப் பிழை. தொகை சரி, போட்ட தலைப்பு தப்பு. (இரண்டையும் ரசிகர்களே உடனடியாகச் சரிசெய்துவிட்டார்கள். ராஜ விசுவாசம் இன்னும் இருக்கிறது.)

கட்டடம் போகட்டும். தரைக்கே வருவோம்.

கம்ப்யூட்டருக்கு மலை, பள்ளத்தாக்கு என்பதெல்லாம் கிடையாது. அதற்கு பூமி என்பது ஒரு மாபெரும் எக்ஸெல் ஷீட். வரிசையில் அட்சரேகை, பத்தியில் தீர்க்கரேகை, கட்டத்துக்குள் ஒரு எண்: அந்த இடத்தின் உயரம் இத்தனை மீட்டர். அவ்வளவுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கம்பு நட்டு, கம்புகளின் மேல் பந்தல் துணியை இழுத்துக் கட்டி, துணியின் மேல் போட்டோவை ஒட்டினால் இமயமலை ரெடி. தூரத்து மலைக்குக் கம்பு கம்மி. பக்கத்தில் போகப் போகக் கம்பு கூடும். அதனால்தான் இந்த உலகத்து மலைகள் நம்மைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகின்றன, மானேஜர் வருவதைப் பார்த்த கிளார்க் மாதிரி.

இப்போது ஒரே ஒரு கம்பு மட்டும் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் சமவெளி நடுவே ஊசி மாதிரி ஒரு சிகரம். குட்டையாக இருந்தால் பாதாளம். பிரேசிலில் லகோவா நோவா என்கிற ஊர்ப் பக்கம் அப்படி ஒரு பிரம்மாண்டப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். பச்சை வயல், மண் ரோடு, எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டே இருந்து, திடீரென்று செங்குத்தாக உள்ளே போய்விடுகிறது. கிணற்றுக்குள் பைக் ஓட்டுகிற சர்க்கஸ்காரர்களை நினைத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். சுவரெல்லாம் வயல் போட்டோ, சூயிங்கம் இழுத்த மாதிரி நீண்டு கிடந்தது.

பாலங்களின் கதி இன்னும் பரிதாபம். போட்டோவைத் தரையில் ஒட்டினால், பாலமும் தரையோடு, அதாவது தண்ணீரோடு, ஒட்டிக்கொள்கிறது. கார்கள் ஆற்றின் மேல் நடந்துபோகும். பெரிய நகரங்களுக்கு வேறு முறை: விமானத்திலிருந்து பல கோணங்களில் படமெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து உருவம் செய்கிறார்கள். அங்கே பாலத்துக்கு அடியில் கேமரா எட்டிப் பார்க்க முடியாது. பார்க்காத இடத்தைப் புரோகிராம் சும்மா விடுமா? சிமென்ட் பூசி அடைத்துவிடும். பாலம் அணைக்கட்டாகிவிடும். மரங்கள் உருகிய மெழுகுவர்த்தி மாதிரி, கார்கள் வெயிலில் வைத்த குச்சி ஐஸ் மாதிரி.

இந்த உயரக் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது இன்னொரு டூர். 2000 பிப்ரவரி 11ஆம் தேதி எண்டெவர் விண்கலம் கிளம்பியது. ஒரு ரேடார் உள்ளே, இன்னொன்று 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில். இரண்டு கண்ணால் பார்த்தால்தானே ஆழம் தெரியும்! பதினோரு நாளில் பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதத்தை அளந்துவிட்டுத் திரும்பியது. நம் ஊரில் ஒரு பட்டாவுக்கு சர்வேயர் வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

அந்த அளவையிலும் ஓட்டை இருந்தது. ரேடார் சாய்வாகப் பார்க்கும். செங்குத்தான மலைக்குப் பின்னால் நிழல் விழும். நிழலில் அளவு இல்லை. அதனால் இமயமலையில்தான் வெற்றுக் கட்டங்கள் அதிகம். எங்கே உயரம் முக்கியமோ அங்கே எண் இல்லை! பிற்பாடு வேறு வரைபடங்களை வைத்து ஒட்டுப் போட்டார்கள். அமேசான் காட்டில் வேறு மாதிரி. ரேடார் தரையைத் தொடாமல் மர உச்சிக்குப் பக்கத்திலேயே திரும்பிவிட்டது. அதனால் காடு ஒரு மேடாகவும், மரத்தை வெட்டிய இடம் சதுரம் சதுரமான பள்ளமாகவும் பதிவானது. தரையை அளக்கப் போனவர்கள், யார் எங்கே எவ்வளவு வெட்டினார்கள் என்பதை அளந்துகொண்டு வந்துவிட்டார்கள். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பழைய விளையாட்டுகளில் இன்னொரு வேடிக்கை. 2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வரைக்கும் விமான நிலையம் என்றால் தட்டை. முழு நிலையத்துக்கும் ஒரே உயரம். சுற்றியிருக்கிற நிலம் அதைவிடத் தாழ்வாக இருந்தால், ஏர்போர்ட் கேக் மாதிரி மேடையில் உட்கார்ந்திருக்கும். உயரமாக இருந்தால் தொட்டிக்குள் இருக்கும். நேபாளத்தில் எவரெஸ்டுக்குப் போகிறவர்கள் இறங்குகிற லுக்லா நிலையத்தை நினைத்துப் பாருங்கள். ஓடுபாதை 527 மீட்டர்தான். ஆனால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கிட்டத்தட்ட 60 மீட்டர் உயர வித்தியாசம், அதாவது இருபது மாடி. இறங்குகிற விமானம் மேட்டில் ஏறி வேகம் குறைக்கும், கிளம்புகிற விமானம் சரிவில் உருண்டு வேகம் பிடிக்கும். சரிவை எடுத்துவிட்டால் லுக்லாவே இல்லை. 2020 விளையாட்டில்தான் சரிவு வந்தது. நான் இறங்கியபோது ஓடுபாதையின் கடைசியில் நிற்கிற கல் சுவர் என்னை நோக்கி ஓடிவந்ததை அக்கா பையன் இன்னும் நடித்துக் காட்டுகிறான்.

இன்னொரு இடமும் சொல்ல வேண்டும். சிகாகோவில் ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்ட் என்று ஒரு குட்டி விமான நிலையம். ஃப்ளைட் சிமுலேட்டரின் பல பழைய பதிப்புகளில், விளையாட்டைத் திறந்ததும் நாம் நிற்பது இங்கேதான். 2003 மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவில் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ் குறி போட்டுத் தோண்டிவிட்டார். உள்ளே நின்றிருந்த விமானங்கள் மாட்டிக்கொண்டன. இப்போது அது பூங்கா. பழைய சிடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்றும் அங்கே ஓடுபாதை உண்டு. வரைபடத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு ராத்திரி போதும்.

அந்த வார்த்தை என்னை அன்டார்டிகாவுக்குக் கொண்டுபோனது.

எண்டெவர் விண்கலத்தின் அளவை தெற்கே 56 டிகிரியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வேறு கணக்குகள்தான். எக்ஸ்-பிளேன் என்று இன்னொரு சிமுலேட்டர் இருக்கிறது. சீரியஸான ஆசாமிகள் அதைத்தான் ஓட்டுவார்கள். அதன் 11ஆம் பதிப்போடு வருகிற நிலப்பரப்பு தெற்கே 60 டிகிரியோடு சரி. அதற்குமேல் போனால் கடல், கடல், கடல். ஒரு கண்டத்தையே காணோம். வாத்தியார் இருந்தால் எழுந்து நின்றிருப்பார். விடு பிழை என்றால் இதுவல்லவா விடு பிழை!

"அங்கே ஒண்ணுமே இல்ல மாமா, எதுக்குப் போகணும்?" என்றான் பையன்.

நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை.

1979 நவம்பர் 28. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து ஏர் நியூசிலாந்தின் 901ஆம் விமானம் கிளம்பியது. டிசி-10. அன்டார்டிகாவில் இறங்காத விமானம். மேலிருந்தே சுற்றிக் காட்டிவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பயணிகள் 237, ஊழியர்கள் 20. எல்லார் கையிலும் கேமரா.

அங்கே ராஸ் தீவில் எரிபஸ் என்று ஒரு எரிமலை, 3,794 மீட்டர். அதற்கு மேற்கே மக்மர்டோ ஜலசந்தி, தட்டையாக உறைந்த கடல். விமானத்தின் கம்ப்யூட்டரில் அடிக்கிற கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகையில் டிகிரி 166 என்று இருந்திருக்க வேண்டும். 1978இல் அதை யாரோ அடிக்கும்போது 164 என்று விழுந்துவிட்டது என்பது கம்பெனித் தரப்பு சொன்ன கணக்கு. 6 விழ வேண்டிய இடத்தில் ஒரு 4. அந்தப் பிழையால் பாதை மேற்கே தள்ளி, மலையைத் தொடாமல், உறைந்த கடலின் நடுவே போனது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. 19 நாளுக்கு முன்னால் விமானிகளை உட்காரவைத்து வகுப்பு எடுத்தபோதும் அந்தப் பாதையைத்தான் காட்டினார்கள். பறப்பதற்கு முந்தின ராத்திரி கேப்டன் வீட்டில் வரைபடங்களை விரித்து அந்த எண்களை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தார் என்று விசாரணையில் வந்தது. கோடு பத்திரமாகக் கடல் மேல் போயிருக்கும்.

அதே ராத்திரி, விடியற்காலையில், ஆபீஸில் அந்த எண்ணைத் திருத்தினார்கள். கடைசிப் புள்ளி சுமார் 27 கடல் மைல் நகர்ந்தது. புதுப் பாதை நேராக எரிபஸ் மலை மேல் போனது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை.

மதியம் 12.50 வாக்கில் விமானம் பயணிகளுக்குக் காட்டுவதற்காக 1,500 அடிக்கு இறங்கியிருந்தது. மேலே மேகம், கீழே பனி, நடுவில் பரவின வெளிச்சம். வெள்ளை மேல் வெள்ளை. நிழலே இல்லாததால் எதிரே சரிவு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மழை, புயல் எதுவும் இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் வரை தெளிவு. அவர்களுக்கு அது தட்டையான கடலாகத் தெரிந்தது. தரை நெருங்குகிறது என்கிற எச்சரிக்கை அலாரம் அடித்ததற்கும் மோதலுக்கும் நடுவில் சுமார் ஆறு விநாடி. 257 பேரில் யாரும் மிஞ்சவில்லை. பயணிகள் எடுத்த படங்களைப் பிற்பாடு கழுவிப் பார்த்தார்கள். தெளிவான படங்கள்.

முதல் அறிக்கை விமானிகளைக் குற்றம் சொன்னது. 1981இல் நீதிபதி பீட்டர் மேகனின் விசாரணைக் கமிஷன், சொல்லாமல் திருத்தினதுதான் முக்கியக் காரணம் என்றது. அந்த 4 வெறும் தட்டச்சுப் பிழை என்பதைக்கூட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாட்டில் பெரிய சண்டை. நாற்பது வருஷம் கழித்து, 2019இல், பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு இதில் ஆறாதது ஒன்று. தப்பு இருந்த வரைக்கும் எல்லாரும் பத்திரமாக வந்தார்கள். சரிசெய்த மறுநாள்தான் இது. அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் நன்றாக உறைக்கும். ராத்திரி யாரோ லெட்ஜரில் ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் போவார்கள். எண் சரியான எண்தான். காலையில் வருகிறவனுக்குத் தெரியாது.

அன்றைய அலாரம் விமானத்துக்கு நேர் கீழே மட்டும் பார்க்கும். எதிரே பார்க்கத் தெரியாது. டான் பேட்மேன் என்கிற கனடா நாட்டு இன்ஜினியர் அதையும் எதிரே பார்க்க வைத்தார். 1990களில் வந்த புது அலாரத்துக்குள் உலகத்தின் மலைகளெல்லாம் எண்களாக இருந்தன. அதே எக்ஸெல் ஷீட். சோவியத் யூனியன் உடைந்தபோது அவர்களுடைய ராணுவம் ரகசியமாக வைத்திருந்த உயர விவரங்கள் விலைக்கு வந்தன. பேட்மேன் குழு வாங்கிச் சேர்த்தது. இன்றைக்கு நீங்கள் சென்னையிலிருந்து டெல்லிக்கு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடும்போது, முன்னால் காக்பிட்டில் அப்படி ஒரு பட்டியல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மட்டும் 2க்குப் பதில் 212 விழுந்தால் யாரும் வட்டமடித்துப் போட்டோ எடுக்க மாட்டார்கள்.

சொல்லி முடித்தபோது பையன் கேம் கன்ட்ரோலை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பிறகு எக்ஸ்-பிளேனைத் திறந்தான். அதில் மேப்பில் விமானத்தைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு போயிங் 737ஐ எடுத்து, எரிபஸ்ஸுக்கு வடக்கே வைத்து, 1,500 அடியில், தெற்கே திருப்பினான்.

ஒன்றுமில்லை. அடிவானம் வரைக்கும் தட்டையான நீலக் கடல். சூரிய வெளிச்சம். டயலில் 77 டிகிரி வந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று அட்சரேகை நகர்ந்தது. மோதல் நடந்த இடம் சுமார் 77 டிகிரி 25 நிமிடம். பையன் முதுகை நிமிர்த்திக்கொண்டதைப் பார்த்தேன். 24... 25... 26.

அலாரம் அடிக்கவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க மாமா" என்றான், மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நாம மலைக்குள்ளதானே இருக்கோம்?"

"ஆமா."

"திருப்பிடவா?"

"வேண்டாம். அந்தப் பக்கம் வரைக்கும் போயிடு" என்றேன்.